கைக்கு எட்டிய கியர்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன மாதம் போனில் கூப்பிட்டு, "நீ கியர் பாக்ஸ் வேலையிலதான இருக்கே, மின்சாரக் கார்களப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசேன்" என்றார். மின்சாரக் காரைப் பற்றிப் பேச ஆளுக்கா பஞ்சம்? அதில் பெரும்பாலும் கியர் மாற்றுகிற வேலையே இல்லை. அந்த வேலை இன்னும் இருக்கிற ஒரு பழைய காரைப் பற்றி, அதிலும் அந்தக் காரின் கியர் லிவரைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்றேன். "ஒரு முக்கால் முழக் கம்பியப் பத்தி இருபது நிமிஷமா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிரு" என்றார். முடித்துவிடுகிறேன்.

என் அப்பாவை இந்த ஊரில் பலருக்குத் தெரியும். பேரைச் சொன்னால் தெரியாது. சங்கரன்கோவில் டாக்ஸி ஸ்டாண்டில் வெள்ளை அம்பாசடர் வைத்திருந்தவர் என்றால், "அட, அவர் மகனாப்பா நீ" என்பீர்கள். ஆடித்தபசுக்கு வந்த சொந்தக்காரர்களையும், பிரசவத்துக்குப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போன பெண்களையும் 27 வருஷம் அந்த வண்டியில் ஏற்றி இறக்கியவர். இந்தக் கூட்டத்திலேயே பிறப்பதற்கு முன்னால் அதில் போனவர்கள் ரெண்டு மூணு பேராவது இருப்பார்கள்.

அந்த அம்பாசடரில் கியர் தரையில் கிடையாது, ஸ்டியரிங் தண்டில் இருந்தது. நம்ம பக்கம் அதை ஸ்டியரிங் கியர் என்போம். இன்றைய மாணவர்கள் பலர் பார்த்திருக்கவே மாட்டீர்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங் சக்கரத்துக்கு அடியில் இடது பக்கமாக ஒரு நீளமான லிவர் நீட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் 1930களின் இறுதியில் பரவிய ஏற்பாடு இது. லிவரைத் தரையிலிருந்து எடுத்துவிட்டால் முன் சீட்டை ஒரே பெஞ்சாகப் போட்டு மூன்று பேரை உட்கார வைக்கலாம். அங்கே மூன்று பேர். நம்ம ஊரில் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். அம்பாசடரும், பம்பாயில் தயாரான பியட்டும் பத்மினியும் இந்த வழியில்தான் வந்தன. மதராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் மட்டும் கியர் தரையில் இருந்தது. 1957 முதல் 2014 வரை தயாரான அம்பாசடருக்குத் தரை கியர் வந்தது, 1990களின் தொடக்கத்தில் அதில் இசுசு இன்ஜின் பொருத்தியபோதுதான்.

ஸ்டியரிங் கியரில் ஒரு சங்கடம் உண்டு. கை இருப்பது ஓரிடம், கியர் பாக்ஸ் இருப்பது வேறிடம். நடுவில் ராடுகளும் மூட்டுகளும்தான் சேதி கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீட்டர் தேய்ந்தாலும் போதும், எல்லாம் சேர்ந்து கைப்பிடியில் ரெண்டு விரற்கடை ஆட்டம் வந்துவிடும். சில சமயம் ரெண்டு கியருக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும். அப்பா அலட்டிக்கொள்ளாமல் இறங்கி, பானெட்டைத் தூக்கி, கையால் ராடை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்து உட்காருவார். முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. வண்டி நின்ற பிறகு போட வேண்டும், இல்லையென்றால் ரெண்டு தடவை கிளட்சை மிதித்துப் போட வேண்டும். இத்தனை கோளாறு இருந்தும் 27 வருஷத்தில் அவர் ஒரு நாள் கூடத் தோள் வலிக்கிறது என்று சொன்னதில்லை. இதற்கு அப்புறமாக வருகிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் படிப்பு முடித்துச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம், அம்பாசடரைக் கொடுத்துவிட்டு அப்பா ஒரு பழைய கான்டெஸா வாங்கினார். 1993 மாடல் பெட்ரோல் வண்டி. கல்யாண சவாரிக்கு என்றார். உண்மையான காரணம், அவருக்கு அந்த வண்டி மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண்.

கான்டெஸாவை நம்ம நாட்டு மசில் கார் என்று சொல்வது வழக்கம். நீளமான பானெட், முன்னால் நாலு வட்ட விளக்கு, அகலமான இடுப்பு. பார்த்தால் அமெரிக்க வண்டி மாதிரியே தெரியும். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984ல் கொண்டுவந்தது. உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டருடையது. முதலில் அதில் இருந்தது அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜின், 50 குதிரைத்திறன். அந்த உடம்பை இழுக்க அது திணறியது. 1980களின் பிற்பாதியில் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் இன்ஜினும் ஐந்து கியர் பாக்ஸும் வந்த பிறகுதான் வண்டிக்கு உயிர் வந்தது, 88 குதிரைத்திறன். ஒரு பாதி இங்கிலாந்து, மறு பாதி ஜப்பான். சங்கரனையும் நாராயணனையும் ஒரே உருவமாகக் கும்பிடுகிற ஊர்க்காரனுக்கு இதில் என்ன ஆச்சரியம்! 2002ல் தயாரிப்பு நின்றுவிட்டது.

இன்னொரு வேடிக்கை. வாக்ஸ்ஹால் அப்போது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பம். மசில் கார் யுகத்தைத் தொடங்கி வைத்ததாகச் சொல்லப்படும் 1964ஆம் வருஷத்துப் பான்டியாக் ஜி.டி.ஓ.வும் அதே குடும்பம். ஆக நம்ம கான்டெஸாவும் அதுவும் பங்காளிகள். என்ன, அந்தப் பங்காளிக்கு 325 குதிரை, நமக்கு 88. சொத்துப் பிரிக்கும்போது அண்ணன் தம்பிக்குள் இது நடப்பதுதான்.

வண்டி வந்த முதல் வாரமே அப்பா போன் செய்தார். "ஏல, வண்டி தங்கம். ஆனா கியரு, சோத்துப் பானையில அகப்பைய விட்டுக் கிண்டுன மாதிரி இருக்கு. மூணாவதுன்னு நெனச்சுப் போட்டா அஞ்சாவதுல போய் விழுது."

இந்த வண்டியில் கியர் பாக்ஸின் மேல்வாயிலேயே லிவர் நேராக நிற்கிறது. நடுவில் ராடுகள் கிடையாது. ஒரு உருண்டை மூட்டு, அதற்குக் கீழே லிவரின் நுனி, நுனிக்கு ஒரு சின்ன புஷ், அவ்வளவுதான். ஆட்டம் வந்தால் சந்தேகப்பட வேண்டிய முதல் குற்றவாளி அந்த புஷ். அதைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. ஏன் என்றால் எனக்கு வேறொரு ஆசை இருந்தது.

நம்ம ஹாஸ்டலில் பழைய கார் பத்திரிகைகள் கைமாறிக்கொண்டே இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அதில்தான் ஹர்ஸ்ட் என்ற பேரைப் பார்த்தேன். பென்சில்வேனியாவில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்பவர் 1950களின் இறுதியில் தரை கியர் லிவர் செய்து விற்க ஆரம்பித்தார். அப்போது அமெரிக்கக் கம்பெனிகள் கொடுத்த லிவர்கள் தொளதொள என்று இருந்தன. பந்தயக்காரர்கள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஹர்ஸ்ட் லிவரை மாட்டினார்கள். 1964 ஜி.டி.ஓ.வில் கம்பெனியே அதை மாட்டிக் கொடுத்தது. குட்டையான வீச்சு, 'டக்' என்று விழும் கியர், மேலே உள்ளங்கையில் பிடிக்க டி எழுத்து மாதிரி ஒரு பிடி. அப்பா கான்டெஸா வாங்கியதும் எனக்குள் இருந்த அந்த ஹாஸ்டல் பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

சென்னையில் ஒரு பட்டறையில் சொல்லி நானே குட்டை லிவர் ஒன்று செய்தேன். மேல் கையைக் குறைத்தேன், கீழ் கையைக் கொஞ்சம் நீட்டினேன். பளபளக்கும் எஃகில் டி பிடி. புது லிவரின் நுனிக்குப் புது புஷ்ஷும் சேர்ந்து போய்விட்டதால் பழைய ஆட்டமும் போய்விட்டது. அந்த நல்ல பேரையும் குட்டை லிவரே வாங்கிக்கொண்டது! பொதிகை எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டினேன். கியர் துப்பாக்கிக் குதிரை மாதிரி விழுந்தது. அப்பா புளியங்குடி வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குல" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறினேன்.

அதற்கு ரெண்டு வருஷம் கழித்து அப்பாவுக்கு இடது தோள் இறுகிப்போனது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகமாக வருமாம். கையைப் பக்கவாட்டில் விரிக்க முடியாது, பின்னால் இழுக்க முடியாது. மருந்து, பயிற்சி எல்லாம் நடந்தது. வண்டி ஓட்ட முடிகிறதா என்று போனில் கேட்டால், "ஓட்டுதேன், ஓட்டுதேன்" என்பார். ஆனால் அம்மா வேறு மாதிரி சொன்னாள். சவாரி வந்தால், டயர் சரியில்லை என்கிறாராம், எஃப்.சி. முடியப் போகிறது என்கிறாராம். சாயங்காலம் வண்டியைத் துடைத்துவிட்டு உள்ளே போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கிறாராம்.

லீவில் வந்திருந்தேன். சொந்தத்தில் ஒரு பெண் பார்க்கும் காரியமாகப் புனலூர் போக வேண்டியிருந்தது. மறுக்க முடியாத இடம், அப்பாவே ஓட்டினார். நான் பின் சீட்டில். கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வரை சமதளம், ஒன்றும் தெரியவில்லை. புளியரை தாண்டி அந்த எஸ் வளைவு வருகிறதே, அங்கே மூன்றாவதிலிருந்து ரெண்டாவதுக்கு இறக்க வேண்டும். எதிரே பாரம் ஏற்றிய லாரி இறங்கி வந்துகொண்டிருந்தது. அப்பா இடது கையை லிவர் மேல் வைத்தார். அழுத்தினார். விழவில்லை. உடனே ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்து, குறுக்கே நீட்டி, ரெண்டு கையாலும் இழுத்து ரெண்டாவதில் போட்டார். அந்த நேரம் ஸ்டியரிங்கை அவர் தொடையால் அணைத்திருந்தார். ஒரு நொடி, அல்லது ஒன்றரை நொடி. லாரி ஹாரன் அடித்துக்கொண்டு பக்கத்தில் போனது. அத்தை ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு மட்டும் உள்ளங்கை வேர்த்துவிட்டது. அவர் செய்த லாகவத்தைப் பார்த்தால் அது முதல் தடவை இல்லை என்றும் தெரிந்தது.

திரும்பும்போது நான் ஓட்டினேன். ராத்திரி மாடியில் வைத்துக் கேட்டேன், "ஏம்ப்பா சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? நீ இன்ஜினியரா ஆகி மொத மொத எனக்குன்னு செஞ்சு குடுத்தது. அதப் போயி கொறை சொல்லவா?" என்றார்.

மறுநாள் காலையில் பழைய பேப்பர் கடைக்காரரிடம் போய்க் கொக்கித் தராசை ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கினேன். வண்டி நிற்கும்போதே, இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து, தராசை லிவர் தலையில் கொக்கி போட்டு இழுத்துப் பார்த்தேன். ரெண்டாவது கியருக்கு முள் 6 கிலோவைத் தொட்டது. பரணில் கிடந்த பழைய லிவரை எடுத்து மாட்டி இழுத்தேன். 3 கிலோ. நாலு வருஷம் படித்து, வேலையிலும் கியர் பாக்ஸையே கட்டிக்கொண்டு அழுகிற எனக்கு, அப்பாவின் தோளில் நான் ஏற்றி வைத்த பாரத்தைப் பேப்பர் கடைத் தராசு சொல்ல வேண்டியிருந்தது.

கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்குதான். பழைய லிவரில் மூட்டுக்கு மேலே 300 மில்லிமீட்டர், கீழே 60. ஐந்துக்கு ஒன்று. உள்ளே இருக்கும் தண்டு 10 மில்லிமீட்டர் நகர வேண்டும் என்றால் கை 50 மில்லிமீட்டர் நகரும். உள்ளே 15 கிலோ விசை வேண்டும் என்றால் கையில் 3 கிலோ போதும். நான் மேலே 200 ஆகவும் கீழே 80 ஆகவும் மாற்றினேன். ரெண்டரைக்கு ஒன்று. கை 25 மில்லிமீட்டர்தான் நகரும், ஆனால் விசை 6 கிலோ. கடப்பாரையைக் குட்டையாகப் பிடித்துக் கல்லைப் புரட்டிப் பாருங்கள், புரியும். வீச்சு பாதியானால் பாரம் ரெட்டிப்பாகும். இதில் எந்தக் கம்பெனியும் எந்த விளம்பரமும் ஒன்றும் செய்ய முடியாது. இது நிற்கிற வண்டியின் கணக்கு. ஓடும்போது சிங்க்ரோ வளையம் பல்சக்கரங்களின் வேகத்தைச் சமன் செய்கிற வரை கை காத்துக்கொண்டு அழுத்த வேண்டும். அது தனி.

பாரம் ஒரு பக்கம். திசை இன்னொரு பக்கம். இதை நான் வேலையில் கூட யோசித்ததில்லை, அப்பாவின் தோளைப் பார்த்துத்தான் யோசித்தேன். எச் எழுத்து வடிவம் உலகம் முழுக்கப் பெரும்பாலும் ஒன்றுதான். ஒன்றும் ரெண்டும் இடது ஓரம். அமெரிக்காவில் டிரைவர் இடது பக்கம் உட்கார்ந்து வலது கையால் மாற்றுகிறார். அவருக்கு ஒன்றும் ரெண்டும் மடிக்குப் பக்கத்தில். நமக்கு டிரைவர் வலது பக்கம், இடது கை. அதே ஒன்றும் ரெண்டும் நம்மை விட்டுத் தள்ளி, தூரத்து ஓரத்தில். அதாவது கையை வெளியே விரித்து, நடுவில் நிறுத்தும் ஸ்பிரிங்கை எதிர்த்துத் தள்ளி, பிறகு பின்னால் இழுக்க வேண்டும். இறுகிப்போன இடது தோளால் எதெல்லாம் முடியாதோ அத்தனையையும் ஒரே கியரில் கேட்கிறது. மலையில் அதிகம் வேண்டியிருப்பதும் அதே ரெண்டாவது கியர்தான்.

அப்போதுதான் ஹர்ஸ்டை மறுபடி படித்தேன், இந்தத் தடவை பொம்மை பார்க்காமல். அவருடைய லிவரின் பெருமை குட்டையில் மட்டும் இல்லை. மூட்டுகளில் ஆட்டம் இல்லாமல் செய்திருந்தார். லிவர் எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அங்கே நிறுத்த, திருகி வைத்துக்கொள்ளும் போல்ட்டுகள் கொடுத்தார். கால் மைல் பந்தயத்தில் வெறியோடு அடிக்கும் கையின் வேகம் உள்ளே இருக்கும் ஃபோர்க்கைப் போய் வளைக்காமல் அந்த போல்ட் வாங்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் விட, பெஞ்சு சீட்டுக்கு ஒரு வளைவு, தனிச் சீட்டுக்கு ஒரு வளைவு என்று வெவ்வேறு கம்பிகள் கொடுத்தார். உட்காருகிற ஆள் எங்கே இருக்கிறானோ அங்கே பிடி போக வேண்டும் என்பது பந்தயக்காரனுக்கே தெரிந்திருக்கிறது. நான் அந்த மனுஷனிடமிருந்து டி பிடியை மட்டும் காப்பி அடித்திருக்கிறேன்.

வேலையை முதலிலிருந்து ஆரம்பித்தோம். லிவரைத் தொடுவதற்கு முன்னால் கிளட்ச் முழுசாக விடுகிறதா என்று பார்த்தோம். கிளட்ச் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டிருந்தால் எந்த லிவரும் கனமாகத்தான் இருக்கும், பழி லிவர் மேல் விழும். கியர் ஆயில் பழசு, மாற்றினோம். எந்த ஆயில் என்பதைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள், வண்டி மேனுவலில் பாருங்கள். சில ஆயிலில் இருக்கும் சேர்மானம் பித்தளை வளையங்களுக்கு ஆகாது.

பிறகு பழைய லிவரின் புஷ். கழற்றினால் பாதி இல்லை, மீதி பொடியாக வந்தது. இந்த வண்டிக்கு உதிரி பாகம் தேடுவது புதையல் தேடுவது போல. மூன்று நாள் போன் போட்டு ஓய்ந்துபோய், கடைசியில் நம்ம ஊர் லேத் பட்டறைக்குப் போனேன். விசைத்தறிக்குச் சாமான் கடைந்து கொடுக்கிற அண்ணாச்சி. தேய்ந்துபோன புஷ்ஷைக் கையில் உருட்டிப் பார்த்தார். "இது என்ன தம்பி, பெரிய கம்ப சூத்திரமா? தறியில அடி வாங்குற சாமானுக்கே நான் நைலான்ல கடைஞ்சு குடுக்கேன். நிமிஷத்துக்கு நூறு அடி வாங்கும். ஒங்க அப்பா ஒரு நாளைக்கு எத்தன கியரு போடப்போறாரு?" என்றார். அரை மணி நேரத்தில் கடைந்தார். லிவரின் நுனி இறுக்கமாகவும் வழுக்கிக்கொண்டும் உட்கார்ந்தது. அகப்பைக் கதை அத்தோடு முடிந்தது. நீளமான லிவரிலும் கியர் 'டக்' என்று விழுந்தது! அந்த 'டக்' குட்டை லிவரால் வருவதில்லை, ஆட்டம் இல்லாததால் வருவது. முதல் வாரமே அந்த புஷ்ஷைக் கழற்றிப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அடுத்தது இடம். பி.வி.சி. பைப் ஒன்றை வெட்டி லிவர் இருக்கும் இடத்தில் செருகி, அப்பாவை அவர் வழக்கமாக உட்காரும் மாதிரி முதுகைச் சாய்த்து உட்காரச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்து கியரைப் பிடிக்கச் சொன்னேன். கை போய் நின்ற இடத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. ஸ்டியரிங்குக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றில் நின்றது. அம்பாசடரின் கியர் இருந்த இடம்! 27 வருஷம் அங்கே கியரைப் பிடித்த கை, கண்ணை மூடியதும் தன் வீட்டுக்குப் போய்விட்டது. அந்த ஸ்டியரிங் கியர் எவ்வளவு தொளதொளத்தாலும் அது இருந்த இடம் சரி. கை தூரம் போகவே வேண்டாம், முழங்கை விலாவை விட்டு நகர வேண்டாம். தோள் வலிக்காமல் இருந்த ரகசியம் இதுதான்.

அந்த உயரத்துக்குத் தரை லிவரைக் கொண்டுபோக முடியாது. ஆனால் அந்தப் பக்கம் கொண்டுபோகலாம். மேல் கை 340 மில்லிமீட்டர் என்று முடிவு செய்தோம். வலது பக்கமாக 7 செ.மீ., பின்னால் 5 செ.மீ. வளைவு. வலது பக்கம் வளைப்பதால் முன்னும் பின்னும் தள்ளும் விசை மாறாது, மூட்டிலிருந்து எவ்வளவு உயரம் என்பதுதான் கணக்கு. ஆனால் அதிகம் வளைத்தால் தள்ளும்போது லிவர் தன் அச்சிலேயே திரும்பப் பார்க்கும், திரும்பாமல் பிடித்திருக்கும் பின் தேயும். பின்னால் ரொம்ப வளைத்தால் முன்னே தள்ளும்போது பிடி மேலே ஏறும், பின்னே இழுத்தால் இறங்கும், கைக்குக் குழப்பம். இதையெல்லாம் பைப்பைத் தீயில் வாட்டி வளைத்து வளைத்துப் பார்த்தே கண்டுபிடித்தோம். நாலு பைப் வீணாகப் போனது, நாற்பது ரூபாய் நஷ்டம். ஐந்தாவது கியரில் கை நீட்டும்போது முதுகு சீட்டை விடக் கூடாது, ரெண்டாவதில் முழங்கை சீட்டில் இடிக்கக் கூடாது. ரெண்டும் சரியான பிறகுதான் அண்ணாச்சியிடம் இ.என்.8 ராடு வாங்கிச் சூடேற்றி வளைத்தோம்.

இப்போது தராசு 2.75 கிலோ காட்டியது. வீச்சு 57 மில்லிமீட்டர். மசில் கார் ஆசாமிகள் இதைப் பார்த்தால் பஸ் கியர் என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

பிடிக்கு என் எஃகு டி வேண்டாம் என்றார் அப்பா. அதற்கு மட்டும் அவர் காரணம் சொன்னார்: "சித்திரை மாசம் மத்தியானம் மண்டபத்து வாசல்ல ரெண்டு மணி நேரம் நிக்கும் வண்டி. வந்து பிடிச்சா தோசைக்கல்லுல கை வெச்ச மாதிரி இருக்கு." ரெண்டு கோடை முழுக்க அவர் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓட்டியது எனக்கு அன்றுதான் தெரிந்தது. புளியங்கட்டையில் பேரிக்காய் வடிவத்தில் ஒரு பிடி கடைந்து போட்டோம்.

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் ரோட்டுக்கு எடுத்தார். முதல் ஓட்டம் கழுகுமலைக்கு, நான் பக்கத்துச் சீட்டில். போகும்போது ஒன்றும் பேசவில்லை. மலையடிவாரத்தில் நிறுத்தி, டீ குடித்துவிட்டு, திரும்ப ஏறி உட்கார்ந்தவர், "பிடி ஒரு விரற்கடை ஒசரம். கொறச்சிரு" என்றார். எனக்கு அன்று வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. என் வேலையில் முதல் தடவையாக ஒரு குறை சொல்லிவிட்டார்!

நம்ம செட்டில் படித்த ஒரு நண்பன் இப்போது மிஷிகனில் இருக்கிறான். 1960களின் மஸ்டாங் ஒன்று வாங்கியிருக்கிறான். எந்த லிவர் வாங்கலாம் என்று படம் படமாக எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தான். நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: "உன் சீட் எந்த ஓட்டையில நிக்குது, உன் கை எங்க விழுது, மொதல்ல அத அளந்து அனுப்பு." ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு அனுப்பினான். அவன் ஆசைப்பட்ட குட்டை லிவரின் பிடி அவன் கை விழும் இடத்துக்கு அரை அடி முன்னால் இருந்தது. பின்னால் வளைந்த கம்பியாகப் பார்த்து வாங்கிக்கொண்டான். அவனுக்கு வலது கை, அவன் தோளும் நல்ல தோள். வீச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டான், அது அவன் சௌகரியம்.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு அறிவிப்போடு நிறுத்திக்கொள்கிறேன். வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கும் வெள்ளை கான்டெஸா அதுதான். அப்பாதான் ஓட்டிக்கொண்டு வந்தார், இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இயந்திரவியல் மாணவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து பார்க்கலாம், கியர் போட்டுப் பார்க்கலாம், கொக்கித் தராசும் டிக்கியில் இருக்கிறது, அளந்து பார்க்கலாம். சீட்டை மட்டும் நகர்த்தாதீர்கள், அது அப்பாவின் அளவு.